நாளைக்கு வரச் சொன்ன டோக்கன்

போன ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்காருபாளையத்தில் நண்பன் கல்யாணத்துக்குப் போய்விட்டு, சித்தூர் வழியாகத் திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் நகரவில்லை. எட்டிப் பார்த்தால், மாம்பழக் கூழ் தொழிற்சாலை வாசலில் தொடங்கி ரோட்டோரமாக வரிசையாக டிராக்டர்கள். எல்லாவற்றிலும் கிளிமூக்கு மாங்காய். வண்டிக்கு அடியில் துண்டை விரித்து ஆட்கள் படுத்திருந்தார்கள். இரண்டு நாளாக இப்படித்தான் என்றார் பக்கத்து சீட்டுக்காரர். அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. வண்டிக்கு ஒரு தேதி போட்டு, போனிலேயே டோக்கன் கொடுத்தால் என்ன? திருப்பதி வந்து இறங்குவதற்குள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் முழுக்க எழுதி முடித்திருந்தேன்.

நான் வேலை செய்வது சின்ன சாப்ட்வேர் கம்பெனி. மேலாளருக்கு யோசனை பிடித்துவிட்டது. ஒரு தொழிற்சாலையும் சரி என்றது. ஆனால், கூட இவளையும் சேர்த்துக்கொள் என்று அவர் ஒருத்தியைக் காட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

என்னுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். சத்தியவேடு பக்கம் விவசாயக் குடும்பம். நான் ஒரு மணி நேரத்தில் எழுதுவதை அவள் ஒரு நாள் முழுக்க எழுதுவாள். ஆனால் அவள் எழுதியது தப்பு என்று திரும்பி வராது. என்னுடையது வாரத்துக்கு இரண்டு முறை வரும். மேலாளர் யாரையாவது பாராட்டினால் முதலில் அவள் பெயர்தான். சிரித்துக்கொண்டே கை தட்டுவேன், வயிறு எரியும். அவள் டிபன் பாக்ஸ் ஊறுகாய்கூட என்னுடையதைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றிய காலம் அது.

மூன்றே வாரத்தில் எழுதி முடித்தேன். தொழிற்சாலையில் டோக்கன் ஆரம்பிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"எத்தினி மணிக்கு டெஸ்ட் பண்ண?"

"பத்து, பதினொண்ணு. ஏன்?"

"எங்க மாமா வண்டியெல்லாம் நாலு மணிக்கே பேக்டரி கேட்டாண்ட போய் நின்னுக்கினு இருக்கும். விடியக்காலைல ஒருவாட்டி பாத்துடலாமா?"

கேட்ட உடனே எனக்கு உறைத்தது. நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் வெளிநாட்டு நேரத்தில் ஓடுவது. நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே தேதி மாறிய பிறகும், காலை ஐந்தரை வரை அதற்கு நேற்றுதான். ஆபீஸ் நேரத்தில் சோதிக்கிற வரை இது கண்ணில் படவே படாது. நான் அதைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் இப்போது பார்த்தால், அவள் கண்டுபிடித்தாள் என்று ஆகிவிடும். அதெல்லாம் பாத்தாச்சு என்று சொல்லிவிட்டு மோர் சாதத்தைப் பிசைந்தேன். ஒருவேளை வேலை செய்யும் என்று நம்பவும் செய்தேன்.

முதல் நாள், இஸ்திரி போட்ட சட்டையுடன் எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போனேன். வண்டிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. டோக்கனைக் காட்டினால் பச்சை விளக்கு. நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் வாட்ச்மேன் சொன்னார்.

"காலீல நாலு வண்டி திரும்பிப் போச்சு சார். ரேபு ரண்டின்னு வந்திச்சு. பேய் வரக்கூடாதுன்னு செவுத்துல எழுதி வெப்பாங்களே, ரேபு ரான்னு, அந்தமாரி."

நாளைக்கு வாருங்கள் என்று தெலுங்கில் அந்த வரியை எழுதியவன் நான்தான். வாட்ச்மேன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன். அந்த நான்கு பேரின் போன் நம்பர்களும் எதிரே திரையில் இருந்தன. கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே எடை போட்டிருக்கலாம். கூப்பிட்டால் விஷயம் வெளியே வரும், அவள் கேட்ட கேள்வியும் கூடவே வரும். அவள் போனில் விசாரித்தபோது, எல்லாம் சூப்பர் என்றேன்.

மூன்று வண்டிகள் சந்தேகப்பட்டு மத்தியானமே தானாக வந்துவிட்டன. புத்தலப்பட்டு ஊரிலிருந்து வந்த நான்காவது வண்டி மட்டும் வரவில்லை.

அது மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தது. அன்றைக்கு அவளும் வந்திருந்தாள். டோக்கனைக் காட்டியதும் சிவப்பு விளக்கு: தேதி முடிந்துவிட்டது. ஒரு நாள் கூடுதலாக வெயிலில் நின்றதில் அடியில் இருந்த பழங்கள் நசுங்கி, டிரெய்லர் இடுக்கு வழியாகச் சாறு சொட்டியது. வண்டிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தவில்லை. போனை என் முன்னால் நீட்டினார்.

"நேத்து வந்தா நாளைக்கு வான்னுது. இன்னிக்கு வந்தா நேத்தே வரணும்னுது. நான் என்னிக்குதான் வர்றது தம்பி?"

அவள் உள்ளே ஓடி சூப்பர்வைசரிடம் பேசினாள். நல்ல பழத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு டிரெய்லரில் ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு போன் போட்டிருந்தா மொத்தமும் உள்ள போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பாதி லோடு ரோட்டோரக் குழிக்குப் போனது. கடைசிக் கூடையைக் கொட்டும்போது, தப்பு என்னுடையது என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். தெரிந்தும் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் மிஷினு தப்புன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

சாயந்திரம் மேலாளரிடமும் சொன்னேன். வேலை அவள் கைக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய்.

இப்போது மறுபடி சீசன் வருகிறது. புத்தலப்பட்டுக்குப் போய் அந்த வண்டிக்காரரைக் கேட்டு வந்திருக்கிறேன். முதல் நாள் அவர் வண்டியிலேயே ஏறி, நாலு மணிக்குக் கேட்டில் நிற்கப் போகிறேன். அதற்கு முன்னால், இந்த சீசனுக்காக நான் புதிதாக எழுதிய பகுதியை அவளிடம் நீட்டி, இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று கேட்கப் போகிறேன். அவள் பெயரைக் கேட்டால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. எரிகிற வயிற்றோடேயே கேட்டுவிட வேண்டும், அது அணையட்டும் என்று காத்திருந்தால் இன்னொருவர் பழம் அழுகிவிடும்.