குறுக்கே போட்ட வெட்டு

என் மகளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே வீக்கம். கல்லூரிப் படியேறினால் உயிர் போகிற வலி. ஸ்கேன் எடுத்த இடத்தில் எலும்பில் கட்டி தெரிகிறது என்றார்கள். அன்றிலிருந்து அவளை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அலைந்தேன். எலும்பு டாக்டருக்கா இந்த ஊரில் பஞ்சம்? சாரத்தில் ஒருவர், மூலக்குளத்தில் ஒருவர், முத்தியால்பேட்டையில் ஒருவர். எல்லார் போர்டிலும் எலும்பு முறிவு, மூட்டு மாற்று. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், முகம் மாறிவிடும். இது நாங்கள் பார்க்கிற கேஸ் இல்லை, யாரையும் கை வைக்க விடாதீர்கள், சென்னைக்குப் போய்விடுங்கள் என்பார்கள். சென்னையில் யாரிடம் என்று கேட்டால் பதில் வராது. வெளியே வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவேன். காலைத் தொட்டுப் பார்க்கக்கூட மனசு வராதவனெல்லாம் என்ன டாக்டர்!

ஒருவர் தொட்டார். பிள்ளையைப் படுக்க வைத்து, பதமாக அமுக்கிப் பார்த்து, சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், திறந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த கிறிஸ்துமஸுக்கு ரம்மில் ஊறிய பழம் போட்டு நான் செய்த விவிக்கம் கேக்கில் முதல் துண்டு அவர் வீட்டுக்குத்தான் போனது.

டெஸ்டில் புற்றுநோய் என்று வந்தது. அதற்குப் பிறகுதான், மாதா கோயிலில் பழக்கமான ஒரு அம்மா மூலமாக, இந்த நோய்க்கென்றே ஆபரேஷன் செய்கிற எலும்பு டாக்டரைச் சென்னையில் கண்டுபிடித்தோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தழும்பைப் பார்த்தார்.

"இத யாரு வெட்டினது?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டெஸ்டுக்குச் சதை எடுப்பதென்றால் நீளவாக்கில், பிறகு ஆபரேஷன் செய்கிறவர் வெட்டப்போகிற இடத்திலேயே எடுக்க வேண்டுமாம். இது குறுக்கே போட்ட வெட்டு. அதன் வழியாக நோய் சதையெல்லாம் பரவிவிட்டது, காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்றார்.

"வெட்டாம வந்திருந்தா?" என்றேன்.

"காலக் காப்பாத்தப் பாத்திருப்பேம்மா."

ஊரில் அத்தனை பேரையும் திட்டிய எனக்கு, குறுக்கே வெட்டிய அந்த ஒரு மனுஷனைத் திட்ட வாய் வரவில்லை. அவர் எங்களை உட்கார வைத்துப் பேசினாரே.

வராந்தாவில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற டாக்டர் யாராவது இருப்பாங்களாம்மா?"

இத்தனை நாள் நாங்கள் தேடியது இவரைத்தான்.

"இல்லடி" என்றேன்.