பரிசோதனை வகுப்பில் பிடிபட்ட நோய்

முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். அன்று என் கால் துள்ளவில்லை.

சேலத்தில், மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு கல்லூரியில் ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ (மருத்துவரின் உதவியாளர்) படிப்பில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நரம்புப் பரிசோதனை வகுப்பில் ஒருவரையொருவர் சோதித்துப் பழகினோம். தோழி கவிதா மறுபடி தட்டினாள்.

“உனக்குத் தட்டவே தெரியலடி” என்று சுத்தியை வாங்கி அவள் காலில் தட்டினேன். அழகாகத் துள்ளியது. என் காலில் நானே தட்டிப் பார்த்தேன். அசைவே இல்லை.

சிரிப்பு நின்றது. பாடம் எடுத்த மருத்துவர் அருகில் வந்து கேட்ட பிறகுதான், பாதங்கள் மரத்திருப்பதையும் படியில் தடுமாறியதையும் சொன்னேன். அதற்குச் சில நாள் முன்பு வயிற்றுப்போக்கு இருந்தது. தடுமாற்றத்தைச் செருப்பின் குறை என்றே நினைத்திருந்தேன்.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். கில்லன்–பாரே நோய் (வயிற்றுப்போக்கு போன்ற தொற்றுக்குப் பிறகு உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்குவது) என்றார்கள். பலவீனம் மூச்சுத் தசைகள்வரை ஏறக்கூடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படித்தவளாக இருப்பது அன்று பெரிய தொல்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வாழவந்தியிலிருந்து அப்பா பஸ் பிடித்து வந்தார். காபியும் மிளகும் பயிரிடுபவர். இந்தப் படிப்பில் நான் சேர்ந்தபோதே அவருக்கு ஒரு சந்தேகம்: “டாக்டரும் இல்லேங்கற, நர்ஸும் இல்லேங்கற. அப்புறம் என்னதாங் கண்ணு?”

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் வேண்டும், மூன்று ஆண்டு பாடம், பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்றெல்லாம் விளக்கியிருந்தேன். அவருக்குத் தெளியவில்லை.

இரத்தக் குழாய் வழியே இம்யூனோகுளோபுலின் (தானமாகக் கிடைத்த இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். எங்கள் படிப்பை முன்பே முடித்து அங்கேயே வேலை பார்த்த செல்வி அக்கா அடிக்கடி வந்து, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பார். மூச்சுத் தசையின் வலு அதில் தெரியும்.

அப்பாவும் கூடவே எண்ணினார். எனக்கு முன்பே அவருக்கு மூச்சு முட்டியது. “ஏனுங்க, எனக்கும் ஒரு பெட்டுப் போடுங்க” என்றார். நோய் வந்த பிறகு நான் முதல்முறை வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

பெரிய மருத்துவர் சொல்லிப்போனதைச் செல்வி அக்கா நிதானமாக விளக்குவார். அப்பாவின் கேள்விகளைக் குறித்துக்கொண்டு போய் பதிலோடு வருவார். ஒருநாள் அப்பா சொன்னார்: “இப்பத் தெரியுது கண்ணு. டாக்டர் போனதுக்கப்புறம் நமக்கு நொம்பக் கேள்வி வருதுல்ல, அப்ப வர்றவங்கதானே நீங்கல்லாம்?”

இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

பலவீனம் இடுப்போடு நின்றது. வகுப்புத் தோழிகள் என் படுக்கையைச் சுற்றி நின்று என் நோயையே பாடமாகப் படித்தார்கள். கவிதா விவரிக்கும்போது ஓரிடத்தில் தடுமாறினாள். நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். “நோயாளி பிட் கொடுக்கக் கூடாது” என்றார் மருத்துவர். வார்டே சிரித்தது.

இயன்முறை சிகிச்சையில் (தசைகளுக்குப் பயிற்சி) கம்பிகளைப் பிடித்து நடந்தேன். விட்டுப்போன வார்டுப் பயிற்சியை அடுத்த ஆண்டு மாணவர்களோடுதான் முடிக்க வேண்டும் என்று துறைத் தலைவர் சொன்னபோது அழுதேன். பயிற்சி நாள்களில் சலுகை கிடையாது. பிறகு, கால் தள்ளாடும் ஒருத்தியை நோயாளியின் பக்கத்தில் நிறுத்தாதது நியாயம்தான் என்று பட்டது.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு: உங்கள் நரம்பு என் நரம்பின் வேகத்தில் திரும்பாது. ஒப்பிடாதீர்கள். மற்றவர்களுக்கு: பாதம் மரத்துத் தடுமாறினால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தாமதமாகத்தான் கடைசி ஆண்டுப் பயிற்சியில் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வாரம் ஊருக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, அழைத்துப்போக வந்திருந்த அப்பாவோடு வீட்டுக்கு ஏறும்போது மண்பாதையில் செருப்பைக் கழற்றினேன். சின்னக் கல் ஒன்று குதிகாலில் குத்தியது. நன்றாக வலித்தது.

“என்ன சாமி, அடிபட்டிருச்சா?” என்று பதறினார் அப்பா.

“இல்லீங்கப்பா, வலிக்குது!” என்றேன் சிரித்துக்கொண்டே.

முன்பெல்லாம் அந்த ஏற்றத்தை ஓடியே கடப்பேன். பாதம் இருந்ததே நினைவிருக்காது. அன்று ஒவ்வோர் அடியும் எனக்குத் தெரிந்தது. மேலே அம்மா சோறு ஆறுகிறதென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் அவசரப்படவில்லை.