சோறு வடிக்கும்போது வெந்த கை

வேலூர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்குப் போகும் நடையில் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கை வெந்து படுத்திருந்த என் ஓரகத்தி வசந்தாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். சோறு அவளுக்கு, வயிற்றெரிச்சல் எனக்கு. அடிபட்டுக் கிடப்பவளைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா ஒருத்தி என்று கேட்பீர்கள். படுவாள். வெந்த கையோடு வேலையும் செய்துகொண்டிருக்கும் பெண்களுக்கு இது புரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கைதான் முதலில் வெந்தது. முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் ஒரே தறி. என் வீட்டுக்காரர் நெய்வார். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை போக்கி, சாயம் ஏற்றிக் கொடுப்பது நான். ஆரணியில் இருந்த பட்டு முதலாளி நூல் கொடுப்பார். புடவையாகத் திருப்பிக் கொடுப்போம். கூலி வீட்டுக்காரர் கைக்கு வரும்.

பின்கட்டில் செங்கல் அடுக்கி அண்டாவை ஏற்றியிருந்தோம். ஒரு கல் உதிர்ந்துகொண்டே வந்தது. வீட்டுக்கு வந்த முதலாளியிடம் அதைக் காட்டினேன். “வீடு உங்களுது, அடுப்பு உங்களுது. நான் என்னாம்மா பண்றது?” என்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை அந்தக் கல் நொறுங்கியது. அண்டா சாய்ந்து, கொதிநீர் என் வலது உள்ளங்கையிலும் முன்கையிலும் கொட்டியது. முதலில் வலியே தெரியவில்லை. தோல் வெளுத்துச் சுருங்குவதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகும்போது வீட்டுக்காரர் காதருகே குனிந்தார். “சோறு வடிக்கும்போது கொட்டிகினேன்னு சொல்லிடு. பட்டுன்னு சொன்னா முதலாளி பேரு வரும். அப்புறம் நூலு நின்னுடும்.”

எனக்கும் அது பெரிய பொய்யாகப் படவில்லை. அண்டாவுக்கும் சோற்றுப் பானைக்கும் ஒரே பின்கட்டு, ஒரே விறகு, ஒரே ஆள். டாக்டர் கேட்டார். சோறு வடிக்கும்போது என்றேன். டெட்டனஸ் ஊசி (இசிவு நோய் வராமல் தடுப்பது) போட்டு, களிம்பு தடவிக் கட்டினார்கள். சூட்டிலும் ஈரத்திலும் கை வைக்காதே, விரல்களை நீட்டி நீட்டிப் பழக்கு, ஓய்வெடு என்று சொல்லி அனுப்பினார்கள். ஓய்வை யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் சொல்லவில்லை.

கட்டு இருக்கும்போதே இடது கையால் சாயம் போட்டேன். புண் ஆறியது. ஆறிய பிறகுதான் கெடுத்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கைக்குள் மடங்கின. கன்ட்ராக்சர் (தழும்பு இறுகி, விரலை நீட்டவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வது) என்று அதற்குப் பெயர் இருப்பது அப்போது தெரியாது. சோற்றைப் பிசைந்தால் பாதி இலையிலேயே நின்றது. கல்யாணங்களில் பந்தியில் உட்காருவதை விட்டேன். பசியில்லை என்று சொல்லிக்கொண்டு பரிமாறப் போய்விடுவேன்.

வசந்தா என் கொழுந்தனார் மனைவி. அவர்கள் தறியை விட்டுக் களம்பூர் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனவர்கள். பட்டு நெய்கிற குடும்பத்துப் பெண் களத்தில் நெல் துழாவுகிறாளாம் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். என் விரல்கள் மடங்கிச் சில வருஷங்களான பிறகு ஒரு நாள், நெல் வேகவைக்கும் தொட்டியருகே நீராவிக் குழாய் விட்டுப்போய், அவளுக்கும் வலது கை வெந்தது.

மில்லில் சங்கம் இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் தூக்காமல் நின்றார்கள். மில்காரர் தன் காரிலேயே அவளை வேலூருக்குக் கொண்டுபோனார். வைத்தியம் மில் செலவு. படுத்திருக்கும் நாட்களுக்கும் கூலி வீடு தேடி வந்தது. கொழுந்தனார் இதைச் சொல்லச் சொல்ல, அவள் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

வார்டில் அவள் கை தலையணைமேல் ராணிபோல இருந்தது. விரல்களை நீட்டிப் பிடிக்க ஸ்பிளின்ட் (மடங்காமல் இருக்க வைத்துக் கட்டும் கட்டை) போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோட்டுப் பெண் ஒருத்தி அதை அவிழ்த்து, ஒவ்வொரு விரலாகப் பூப்போல விரித்துவிட்டாள். நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், புடவையைப் பார்த்தும் பட்டிருக்கிறேன். ஒரு கட்டையைப் பார்த்து அவ்வளவு எரிந்தது அன்றைக்குத்தான். என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“ஏன்க்கா மறைக்கிற? டாக்டரம்மா வந்துகினு இருக்காங்க. காட்டு” என்றாள் வசந்தா.

“உன் கைய நீ பாத்துக்கோ.”

அவள் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாள். அவர் என் விரல்களை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “எப்படிம்மா ஆச்சு?” என்றார்.

“சோறு வடிக்கும்போதுங்க.”

“பொய்யிங்கம்மா” என்றாள் வசந்தா படுத்தபடியே. “பட்டு வேகவெக்கும்போது.”

எனக்கு அவள் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. டாக்டரம்மா கோபப்படவில்லை. தழும்பை அறுத்து விட்டு, கிராஃப்டிங் (தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைப்பது) செய்தால் விரல் நீளும் என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கட்டையும் பயிற்சியும் வேண்டும், அண்டா பக்கமே போகக்கூடாது, போனால் பழையபடி மடங்கிவிடும் என்றார்.

“அவளுக்கு மில்லு லீவு குடுக்குது. எனக்கு யாருங்க குடுப்பாங்க?” என்று கேட்டேன்.

வசந்தாவுக்கு வந்தது எனக்கு மட்டும் ஏன் வரக்கூடாது என்ற ஆத்திரத்தில் நேரே முதலாளி கடைக்குப் போனேன். மடங்கிய கையைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

“ஏம்மா, நான் வேலை குடுத்தது உன் வூட்டுக்காரருக்கு. உன்ன யாரு வேலைக்கு வெச்சது?”

காப்பி டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அத்தனை வருஷமும் அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

“நியாயந்தாங்க. யாரும் வெக்கல. அப்ப நான் சாயம் போடலன்னாலும் யாரும் கேக்க முடியாது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்த வேலைநிறுத்தம். “என்னா பேசிகினு வந்த அங்க? பேஜாராக்கிட்டியே” என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். நூல் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் தறி சும்மா கிடக்கும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருந்த சாய நூல் தீர்ந்ததும் தறி நின்றது. அவர் என்னோடு பேசாமல் சாப்பிட்டார். நானும் பேசாமல் போட்டேன்.

முகூர்த்த மாதம் நெருங்கிவந்தது. முதலாளிக்குப் புடவை வேண்டும். ஒரு நாள் அவரே வந்தார். நூலை டவுனில் சாயக்காரனிடம் கொடுத்து நிறம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்தச் சாயக்காரன் மேலும் எனக்கு எரிந்தது. நான் போட்ட அதே சாயம், அவனுக்குக் கூலி. அந்தக் கூலியை எங்கள் நெசவுக் கூலியில் கழித்துக்கொள்வதாக முதலாளி சொன்னார்.

வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து தலை நிமிராமல் பேசினார். “அது நெசவுல சேராதுங்க. அது தனி வேலை.”

முதலாளி நூலை இறக்கி வைத்து, கழிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். என் கைக்கென்று அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. ஆனால் சாயம் வெளியே போனது, எனக்கு நாட்கள் கிடைத்தன. அந்த நாட்களை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போய்ப் படுத்தேன். இந்த முறை தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்தவள் வசந்தா. மில்லில் இப்போது உட்கார்ந்து மூட்டை எண்ணும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அதற்கும் எரிந்தது.

மோதிர விரல் நீண்டது. சுண்டு விரல் முக்கால்தான். தாமதமாக வந்துவிட்டேன் என்றார்கள். முன்பெல்லாம் அண்டா கொதிப்பதும் இறக்குவதுமாகத்தான் என் பொழுது போனது. இப்போது விரல்தான் பொழுதைச் சொல்கிறது. விடிந்ததும் விறைத்திருக்கும், வெயில் ஏறினால் இளகும். மழைக்கு முந்தியே தழும்பு அரிக்கும்.

சேவூரில் ஒரு கல்யாணம். நான் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வசந்தா. எதிர்வரிசையில் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்து இலைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, “வூட்ல அவங்க கைக்கு என்னா ஆச்சுங்க?” என்று கேட்டார்.

“சோறு வடி...” என்று ஆரம்பித்த வீட்டுக்காரர் நிறுத்தினார். என்னை ஒரு தரம் பார்த்தார். “வேலை செய்யும்போதுங்க. பட்டுச் சாயம் போடறவங்க” என்றார்.

வசந்தா ஐந்து விரலாலும் ரசம் சோற்றை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஐந்தாவது விரலைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரியும். நான் நாலு விரலால் பிசைந்தேன். இலையில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.