பிளாஸ்மா படாத லித்தியம்

சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்திப் பார்க்கும் இணைவு உலைகளின் உட்சுவரில் லித்தியம் பூசுவதுண்டு. தகிக்கும் மின்வாயுவான பிளாஸ்மா அந்தப் பூச்சை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. திருப்பதியில் எங்கள் ஆய்வகத்தில் இருப்பது உலை அல்ல, அண்டா அளவுக்கு ஒரு எஃகுக் கலம். காற்றை உறிஞ்சிவிட்டு, உள்ளே ஒரு தகட்டில் லித்தியத்தைப் படியவிடுவேன். அதற்குள் மாலையாகிவிடும். சித்தூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து பிளாஸ்மாவை ஏற்றுவேன். கலத்தின் கண்ணாடி ஜன்னலில் லித்தியம் படியாமலிருக்க அதற்கு ஒரு மூடி உண்டு. எல்லாம் முடிந்து, கலம் ஆறிய பிறகே மூடியைத் திறப்பேன். வெள்ளியாகப் படிந்த பூச்சு சாம்பல் பூத்துக் கிடக்கும். பிளாஸ்மா கெடுத்துவிட்டது என்று ஓர் அத்தியாயமே எழுதி என் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடத்திடம் கொடுத்துவிட்டேன். அது தேறினால்தான் எனக்குப் பட்டம்.

கடைசியாக ஒரு தகடு தயார் செய்த மாலை, பஸ் ஸ்டாண்ட் சேற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.

"மாவுக்கட்டெல்லாம் வேணாம்மா. புத்தூர் வைத்தியர்கிட்ட எலும்புக்கட்டு போட்டுக்கினு வந்துடலாம்," என்றார் அப்பா.

"நைனா, நான் பிளாஸ்மா படிக்கிறவ."

"உன் எலும்பு படிக்கலியே!"

வலிக்கு முன்னால் வீறாப்பு எத்தனை நேரம் நிற்கும்? மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். கலத்துக்குள் தகடும் கிடந்தது.

கட்டுப் பிரித்ததும் ஆய்வகத்துக்கு ஓடினேன். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தகடு இன்னும் மின்னுகிறதா என்று பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்தேன். சாம்பல் பூத்திருந்தது. பிளாஸ்மாவின் நிழல்கூடப் படாத தகடு!

இத்தனை நாள் விட்டதால் இருக்கும் என்று எனக்கு நானே வக்கீலானேன். புதிதாக ஒன்றைப் படியவிட்டு, மறுநாள் காலை பிளாஸ்மாவுக்கு முன்பே திறந்தேன். அதுவும் சாம்பல்தான். கலத்தின் சுவரில் ஒட்டியிருந்த ஈரம் ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டியிருக்கிறது.

மூடியைத் திறந்தே வைத்து பிளாஸ்மாவை ஏற்றினேன். ஒளி பட்ட இடத்தில் சாம்பல் மெல்லக் கரைந்து, அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. கெடுப்பதாக நான் எழுதியது சுத்தம் செய்துகொண்டிருந்தது! அத்தியாயம் போச்சே என்று அழுகை வந்தது. ஆனாலும் ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்க மனம் வரவில்லை.

மேடத்தை அழைத்து வந்தேன். என் அத்தியாயம் அவர் கையில் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்மாவை அணைத்தேன். கலம் ஆற ஆற, வெள்ளி மறுபடி மங்கத் தொடங்கியது.

"ஏமம்மா, இத்தனை வருஷமா நீ எதை அளந்தே?"

"கலத்துல இருந்த ஈரத்தை, மேடம்."

அவர் அத்தியாயத்தை என்னிடம் நீட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலருகே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"மறுபடி ஏத்து. நான் சரியா பார்க்கல."