கழுத்துவரை மூடிய கொய்யா

என் தம்பி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. மனைவி இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதே குரலில்தான் பேசினான். "வாங்க, உட்காருங்க, போயிட்டு வாங்க." ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இப்படியும் ஒரு கல்லுளிமங்கனா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவனுடைய பத்து வயது மகள் அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருந்தாள். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல், "அப்பா என்னைக் கூப்பிட்டாரா அத்தை?" என்று கேட்பாள். நான் பேச்சை மாற்றுவேன். ஒருநாள் பொறுக்காமல் போனில் அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"பின்பக்கம் ஒரு மரம் வைக்கிறேன்க்கா. வெயில் நேரா அவ ரூமுக்குள்ள அடிக்குது. மரம் பிடிச்சதும் கூட்டிக்கிறேன்" என்றான்.

பெற்ற மகளை அழைக்க மரத்தின் சம்மதம் கேட்கிறவனை நான் அன்றுதான் பார்த்தேன். மரம் பிடித்ததும் அப்பா கூப்பிடுவார் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

செடி நர்சரிக்கு அவனை நானே இழுத்துக்கொண்டு போனேன். "இலை கொட்டாத மரம் இருக்கா?" என்று கேட்டான். நர்சரிக்கார அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். "அது பிளாஸ்டிக் கடையில கிடைக்கும் சார்." அவன் சிரிக்கவில்லை. சுவர் எவ்வளவு தூரம், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம், மேலே மின்கம்பி போகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, சின்ன இடத்துக்குக் கொய்யா போதும் என்றார் அவர். உயரமான கன்றை அவன் தொட்டபோது, அதன் வேர் தொட்டிக்குள் சுருண்டு கிடப்பதைக் காட்டிவிட்டு, குட்டையான ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"நட்டதும் காஞ்ச இலையைப் பரப்பி மூடாக்கு போடுங்க. ஈரம் காயாது. ஆனா தண்டுல ஒட்டக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்கணும். ஒட்டினா பட்டை அழுகிடும்."

தம்பி தலையாட்டினான். அன்றே அகலமாகக் குழி வெட்டி, வேரை உதறி, மண்மட்டம் பார்த்து நட்டான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

மழைக்காலம் போனபின் ஒரு ஞாயிறு, மகளின் நச்சரிப்பு தாங்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கொய்யா மஞ்சளடித்துத் துவண்டு நின்றது. அதன் அடியில் காய்ந்த இலையும் மரச்சீவலும் முழங்கால் உயரத்துக்கு, முதல் கிளையைத் தொட்டுக்கொண்டு குவிந்திருந்தன.

"டேய், அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"தள்ளிப் போடச் சொன்னாங்க."

"அப்புறம் ஏண்டா?"

"தெரியலக்கா. தினம் டியூட்டி முடிஞ்சு வந்து கொஞ்சம் போடுவேன். கை தானா மேல இழுத்து விட்டுடுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைசி நாட்களில் அவன் மனைவிக்கு எப்போதும் குளிர். இவன் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரங்களைத் தட்டிச் செருகுவான். குவியலின் ஓரமும் அப்படித்தான் தட்டப்பட்டிருந்தது.

அதற்குள் மகள் மண்டியிட்டு இரண்டு கையாலும் இலையை வாரிக்கொண்டிருந்தாள். அடியில் நசநசவென்று ஈரம், புளித்த வாடை. பட்டை கறுத்து மெத்தென்றிருந்தது. தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து வாரினான். கொஞ்சம் மேலே நகத்தால் சுரண்டியபோது உள்ளே மெல்லிய பச்சை தெரிந்தது.

"உயிர் இருக்கு" என்றான்.

"ஒருவேளை செத்துட்டா?" என்றாள் மகள்.

"வேற வைக்கலாம்."

"அதுவும் பிடிக்கலைன்னா? நான் வரவே முடியாதாப்பா?"

அவன் கை அப்படியே நின்றது. மண்ணைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கு அழுகை வரலம்மா. எதுவுமே வரல. அம்மாவுக்கே அழாத ஆளோட நீ எப்படி இருப்பேன்னு நினைச்சேன்."

"எனக்கும் இப்பல்லாம் வர்றதில்ல" என்றாள் அவள், இலையை வாரியபடியே. "அத்தைக்கிட்ட சொல்லல."

அவன் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"மரம் கிடக்கட்டும். நீ வந்துடு" என்றான்.

அவளுடைய துணிமணிகளை எடுத்துவர நான் வேனைக் கிளப்பினேன்.