அக்காவைத் திருப்பிப் படுக்க வைத்தவர்கள்

அக்காவின் இந்த நினைவு மலரில், அவர்கள் பாடம் நடத்திய நர்சிங் கல்லூரியின் இரங்கல் கடிதத்தைத் தேடாதீர்கள். வந்தது. நான்தான் போடவில்லை. அக்கா பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நாட்டரசன்கோட்டையில் பிறந்த அக்கா, அப்பா இல்லாத வீட்டில் எங்களை வளர்த்துக்கொண்டே, "நர்ஸ் வேலைக்கா போகுது?" என்று முகம் சுளித்த சொந்தங்களுக்கு நடுவில் படித்து முடித்தார்கள். பல்கலைக்கழகம் நர்சிங் பள்ளி தொடங்கியபோது அங்கே இருந்தது ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு அறை, ஒரு பழைய கட்டில், அப்புறம் பாடம் நடத்த அக்கா. பயிற்சிக்குப் பொம்மைகூட வாங்கித் தரவில்லை. அக்காவே கட்டிலில் படுத்துக்கொண்டு, "என்னயத் திருப்புங்கடி" என்பார்களாம். நகர முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். படுக்கைப்புண் வந்தால் அது நர்ஸுக்கு அவமானம். இதுதான் அக்காவின் முதல் பாடம்.

பள்ளி கல்லூரியானது. பட்டப்படிப்பு, மேற்படிப்பு எல்லாம் வந்தன. ஆஸ்பத்திரியோடு ஐந்து மாடி எழுந்தது. முகப்புக் கூடத்துத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துக் கொடுத்தவன் நான். திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் அக்கா கேட்டார்கள்: "கல்லு நல்லாத்தேன் இருக்கு. வார்டுக்கு நர்ஸ் எங்க?"

"சும்மா இருங்கக்கா, எதுக்கு மானத்த வாங்குறீக?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து, அதே ஆஸ்பத்திரியில் அக்காவைச் சேர்த்தோம். பத்தாம் நாள், "பாத்தியாடா தம்பி, எனக்கே புண்ணு வந்திருச்சு" என்றார்கள். நான் கத்தினேன். ஓடி வந்த நர்ஸ் கல்யாணி, அக்காவிடம் படித்த பெண். "வார்டு முழுக்க நான் ஒருத்திதான் சார்" என்று அழுதது.

"அவளத் திட்டாத. கட்டடம் கட்டுனவுகளப் போய்க் கேளு" என்றார்கள் அக்கா.

கேட்டேன். ஆள் எடுக்க அனுமதி வரவில்லை என்றது நிர்வாகம். மாடிக்கு மாடி அனுமதி வாங்கத் தெரிந்தவர்களுக்கு நாலு நர்ஸுக்கு வாங்கத் தெரியவில்லையா? அந்தப் புண் ஆறவே இல்லை. அதோடுதான் அக்கா போனார்கள். அந்த நிர்வாகத்தார்தான் எழுதியிருக்கிறார்கள், 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று!

சாப்பாடு சுமந்து அலைந்த உறவுகளுக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கல்யாணிக்கும், பக்கத்து வார்டில் நர்ஸாக இருக்கும் அதன் தோழி மும்தாஜுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். லீவு நாளில் வீட்டுக்குப் போகாமல் வந்து, அக்காவைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்த பிள்ளைகள் அவர்கள். நன்றி என்று எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வேலை நாளில் அதைச் செய்ய அவர்களுக்கு நேரம் இல்லை.