கத்தரித்து அனுப்பிய படங்கள்

நான் எழுதிய கணினி நிரல்களில் எல்லோரும் கைதட்டிப் பாராட்டியது ஒன்றே ஒன்றைத்தான். பதினோரு வரி. அதை எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். யாருடன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் வேலை பார்ப்பது படப்பையில், ஒரு மொபைல் கடையின் மாடியில் இருக்கும் சின்ன கம்பெனியில். ஆறே பேர். பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இணையப் பக்கங்களைச் செய்து கொடுப்போம். வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் ஓர் ஆலைக்கு நான் செய்து கொடுத்தது மிக எளிய பக்கம். கீறல் விழுந்த, விளிம்பில் பிசிறு நிற்கும் பாகத்தை லைனில் சோதிக்கும் பெண்கள் மேஜையில் வைத்து டேப்லெட்டில் படம் எடுப்பார்கள். 'அனுப்பு' என்பதை அழுத்தினால் அது எங்கள் சர்வருக்கு வந்துவிடும். நான் திறந்து பார்த்து, படம் தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று குறிப்புப் பெட்டியில் ஒரு வரி எழுதுவேன். அந்த வரி அவர்கள் திரையில் தெரியும். பிறகு அந்தப் படம் பாகங்களை வாங்கும் கம்பெனிக்குப் போகும்.

ஆலைக்குள் யாரும் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளிகளுடையது கேட்டுக்குப் பக்கத்தில் லாக்கரில் கிடக்கும். என்னைப் போன்ற வெளியாள் வந்தால் செக்யூரிட்டிக்காரர் கைபேசியின் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். அந்தக் கூரைக்குக் கீழே அந்த லைனில் மூடாமல் இருந்த கேமரா டேப்லெட்டில் இருந்தது ஒன்றுதான்.

பக்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்கப் போன அன்றுதான் அவளைப் பார்த்தேன். நான்கு பெண்கள் நின்றார்கள். மூன்று பேர் தலையாட்டினார்கள். நான்காவதாக நின்றவள் மட்டும் கேட்டாள்.

"இந்தப் படம் இங்கேருந்து எங்க சார் போவுது?"

"எங்க ஆபீஸ் சர்வருக்கு."

"அங்க யாரு பாப்பாவ?"

"நான்தான்."

"தெனமும் நீங்களேவா பாப்பிய?"

சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு. ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவள். "ஆமாம்" என்று நான் சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பாகத்தின் நம்பர், தேதி, ஷிப்ட் மூன்றையும் மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் எழுதி, பாகத்தின் தலைமாட்டில் ஒட்டிப் படம் எடுப்பது அங்கே வழக்கம். இரண்டு வாரம் கழித்து அவள் அனுப்பிய படம் ஒன்றில் இடப்பக்கக் கீழ் மூலையில் இன்னொரு துண்டு டேப் இருந்தது. கட்டைவிரல் அகலம்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். 'பாக்கியளா?' என்று எழுதியிருந்தது.

நான் குறிப்புப் பெட்டியில் 'பார்க்கிறேன்' என்று எழுதினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு துண்டு டேப், நாளுக்கு ஒரு வரிப் பதில். 'ஹாஸ்டல்ல இன்னைக்கும் உப்புமா.' நான்: 'இங்கே பரோட்டா, பொறாமைப்பட வேண்டாம்.' 'ஊர்ல மழையாம்.' நான்: 'இங்கே தூறல்.' சூப்பர்வைசர் கண்ணில் பட்டாலும் பெரிய குற்றமாகத் தெரியாத அளவுக்கே இருவரும் எழுதினோம். பாகங்களை வாங்கும் கம்பெனிக்குப் படத்தை அனுப்புவதற்கு முன் அந்த மூலையை நான் கையால் வெட்டிவிடுவேன். ஆறு மாதம் இதுதான் எனக்கு வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எரிச்சலாக வரும்.

போன் நம்பரைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கேட்டு, அவள் முகம் சுளித்து, அந்தத் துண்டு டேப்பும் நின்றுபோனால்? அந்தப் பயம்தான். சொல்ல வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: உன் வீட்டில் வந்து பேசட்டுமா? அதை எத்தனையோ முறை பெட்டியில் தட்டி, எத்தனையோ முறை அழித்திருக்கிறேன். முதல் ஷிப்ட் விடும் நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஒரகடம் கூட்ரோடு வரை போய் நிற்பேன். வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும். ஜன்னல்களில் துப்பட்டாவால் முகத்தை மூடிய பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். எந்த பஸ் என்றே எனக்குத் தெரியாது. எல்லா பஸ்ஸையும் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்புவேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லைன் இருந்த மூலையில் வைஃபை நோஞ்சான். ஒரு படம் போகவே திணறும். போன படத்தை சர்வரிலிருந்து திரும்ப வரவழைத்து 'இதோ, அனுப்பியாயிற்று' என்று காட்ட வேண்டுமென்றால் இன்னொரு திணறல். எனவே ஆரம்பத்திலேயே ஒரு சிக்கனம் செய்திருந்தேன். அனுப்பியதும், டேப்லெட்டின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் படத்தையே பக்கம் காட்டும், அருகில் ஒரு பச்சை டிக் வரும். சர்வருக்கு என்ன போய்ச் சேர்ந்ததோ அதை அவர்கள் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒன்றுதானே, எதற்குப் பார்க்க வேண்டும்? பக்கத்தை மூடினால் டேப்லெட்டில் இருப்பதும் போய்விடும். இந்தச் சிக்கனத்தைச் செய்தேன், மறந்தேன்.

பிறகு ஒரு நாள் பாகங்களை வாங்கும் கம்பெனியிலிருந்து புகார். படங்களில் விரல் தெரிகிறது, வளையல் தெரிகிறது, டீ கிளாஸ் தெரிகிறது, பாகம் மட்டும்தான் தெரிய வேண்டும் என்று. எங்கள் முதலாளி என் மேஜைக்கு வந்து, "இனிமே நீ கையால கட் பண்ணிக்கினு இருக்காத. தானா ஆவணும்" என்றார்.

நான் ஒரே காலையில் எழுதிவிட்டேன். 'அனுப்பு' என்று அழுத்தியதும், படம் டேப்லெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, அந்த இணையப் பக்கமே ஓரங்களைக் கத்தரித்துவிட்டு நடுவை மட்டும் அனுப்பும். இதை சர்வரிலும் செய்திருக்கலாம். முழுப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டு வெட்டிய நகலைக் கொடுத்திருக்கலாம். ஆனால் டேப்லெட்டிலேயே வெட்டினால் படம் சின்னதாகிவிடும், வைஃபை திணறாது, சர்வரிலும் இடம் மிச்சம். ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன். ஆபீஸில் கைதட்டினார்கள். முதலாளி எல்லோருக்கும் சமோசா வாங்கினார்.

மூலையிலிருக்கும் துண்டு டேப்பும் வெட்டுப்படும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவ்வளவு மடையன் இல்லை. அனுப்பிய படம் வெட்டுப்பட்டிருப்பதை அவள் தன் திரையில் பார்ப்பாள், பார்த்ததும் டேப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கெட்டிக்காரி. ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். நான் செய்து வைத்த அந்தப் பழைய சிக்கனம் மண்டையில் உறைக்கவே இல்லை. அவள் திரையில் முழுப்படம், பச்சை டிக். என் திரையில் வெட்டிய படம்.

முதல் நாள் துண்டு டேப் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு விரற்கடை உள்ளே தள்ளி ஒட்ட முடியாதா? எழுதப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று இருக்கட்டும். எனக்கு மட்டும் என்ன வந்தது என்று, மற்ற மூன்று பெண்களுக்கு எழுதுவதையே அவளுக்கும் எழுதினேன்: 'படம் நன்றாக வந்தது. நன்றி.' ஒன்பது நாள் இதையே எழுதினேன். ஒவ்வொரு நாளும் அவள் படத்தைத்தான் முதலில் திறப்பேன். பாகத்தைச் சுற்றியிருந்த மேஜையின் பச்சை ரப்பரைக் கண் வலிக்கப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, 'படம் நன்றாக வந்தது. நன்றி.'

பத்தாம் நாள் நம்பர் டேப்பில் கையெழுத்து மாறியிருந்தது. பொறுக்க முடியாமல் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா, பக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஆமா சார், பழைய பொண்ணு ஊருக்குப் பூட்ச்சு. கல்யாணமாம். இது இன்னொண்ணு, நல்லாவே செய்து" என்றார்.

சரி, அதுதான் விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, எழுதுவதை நிறுத்திவிட்டாள். நியாயம்தானே. வீட்டில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லித் தட்டிக்கழித்தேன். மனசு ஆறவில்லை. அவள் முகமே எனக்குச் சரியாக நினைவில்லாத நிலையில், இல்லாத ஒரு துண்டு டேப்புக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான்கு மாதம் கழித்து டேப்லெட்டை மாற்றுவதற்காக ஆலைக்குப் போக வேண்டி வந்தது. அதே மேஜை. முதல் நாள் தலையாட்டிய மூன்று பேரில் ஒருத்தர், வல்லத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பக்கத்தில் நின்றிருந்தார். புது டேப்லெட்டில் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே சார்?"

"கேளுங்கக்கா."

"அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு ஒரு வார்த்த எழுதிர்க்கலாம்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே சொன்னார்.

"ஒம்போது நாளு ஒட்டிக்கினே இருந்துச்சு. மொதல்ல, ஏன் பதிலக் காணோம்னு எழுதுச்சு. அப்பால, கோவமான்னு எழுதுச்சு. அப்பால, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்கோ, வேணாம்னு சொல்லட்டுமான்னு. அத மட்டும் மூணு நாளு. கடைசி நாளு போன் நம்பரு. நான்தான் டேப்பு சுருளாம புடிச்சிக்கினேன்."

"எனக்கு வரலக்கா."

"வரலயா? படம் நல்லா வந்ததுன்னு நீதான போட்ட சார்? டெய்லி போட்ட. அதப் பாத்துப் பாத்துத்தான அது அழுவும். பாத்துட்டுத்தான் எழுதறாரு, ஒண்ணும் சொல்லலன்னா அர்த்தம் இன்னாக்கான்னு என்னையக் கேக்கும்."

நான் சொல்ல ஆரம்பித்தேன். கையால் சதுரம் போட்டுக் காட்டினேன். இங்கே அழுத்தினால் இந்த ஓரம் வெட்டுப்படும், நடு மட்டும் போகும், ஆனால் இங்கே திரையில் முழுசாகத் தெரியும் என்று. என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"போட்டோ எடுத்து அனுப்புனா பாதி எப்பிடி சார் போவும்? நாங்க பாக்கச் சொல்லோ முழுசாத்தான கீது, டிக்கு போட்டுக்கினு."

"அது இங்க இருக்கிறதுக்கா. அங்க வர்றது வேற."

"சரி வுடு சார். அதுக்குக் கல்யாணமே முடிஞ்சிட்ச்சு. மாசமா கீதாம்."

அவர் மேஜைக்குத் திரும்பி அடுத்த பாகத்தை எடுத்தார். நான் புது டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஆபீஸுக்கு வந்ததும் அந்த ஒன்பது படங்களையும் சர்வரில் திறந்தேன். முழுப்படம் எங்காவது சிக்காதா என்று இரண்டு நாள் சல்லடை போட்டுத் தேடினேன். வராத ஒன்றை எங்கே போய்த் தேடுவது? இருப்பது பாகமும், நம்பரும், தேதியும் மட்டும். அவள் கேட்ட கேள்வி நான் வெட்டிய கோட்டுக்கு வெளியே, அந்த மேஜையோடு நின்றுவிட்டது.

ஒருவன் அவள் கேள்வியை மூன்று நாள் படித்துவிட்டு, படம் நன்றாக வந்தது, நன்றி என்று எழுதினான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளைத் தேடிப் போய்ச் சொல்லவும் இனி எனக்கு உரிமை இல்லை. சொன்னாலும், பாதிப் படம் எப்படிப் போகும் என்றுதான் கேட்பாள். ஒரே ஒரு நாள் அந்தத் துண்டு டேப் என் கண்ணில் பட்டிருந்தால் போதும். வேண்டாம் என்று சொல், ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்று எழுதியிருப்பேன்.